தொட்டபெட்டா எவ்வளவு உயரம்? கூகுளைக் கேட்டுவிட்டு வகுப்புக்குப் போகும் முன்

தொட்டபெட்டா எவ்வளவு உயரம் என்று கூகுளில் தட்டிப் பாருங்கள். பெரிய எழுத்தில் 2,637 மீட்டர் என்று மேலேயே வந்துவிடும். கொஞ்சம் கீழே இறங்கிச் சுற்றுலாப் பக்கங்கள் நாலைந்தைத் திறந்தால், அதே சிகரம் 2,623 மீட்டராகக் குறைந்திருக்கும். வேறு சில பக்கங்களில் அது தென்னிந்தியாவிலேயே மிக உயரமான சிகரம் என்று போட்டிருப்பார்கள். அது தப்பு. அந்தப் பெருமை இடுக்கி மாவட்டத்தில் 2,695 மீட்டரில் நிற்கும் ஆனைமுடிக்கு. தொட்டபெட்டா தமிழ்நாட்டில்தான் முதலிடம்.

14 மீட்டரில் என்ன குடி முழுகிவிடப் போகிறது என்று தோன்றலாம். ஆனால் இதே நீலகிரியில் முக்கூர்த்திப் பக்கம் கோலாரிபெட்டா என்று ஒரு சிகரம் இருக்கிறது, அதற்கு 2,630 மீட்டர் என்று கணக்குச் சொல்கிறார்கள். தொட்டபெட்டா வெறும் 2,623 என்றால், தமிழ்நாட்டில் என்ன, நீலகிரிக்குள்ளேயே அது இரண்டாவது இடத்துக்குப் போய்விடும். ஆக, "நீலகிரியின் உயரமான சிகரம், 2,623 மீட்டர்" என்று ஒரே வரியில் எழுதும் பக்கம் ஒன்று கோலாரிபெட்டாவின் உயரத்தை மாற்ற வேண்டும், இல்லையென்றால் தன் கணக்கை மாற்ற வேண்டும். இதைக் கண்டுபிடிக்க அந்த இணையதளத்தை யார் நடத்துகிறார்கள் என்றுகூடத் தெரிய வேண்டியதில்லை. பக்கத்தை விட்டு வெளியே வந்து இன்னொரு எண்ணைப் பார்த்தால் போதும். எட்டாம் வகுப்புப் பிள்ளையால் முடியும்.

நான் சொல்ல வருவது இதைத்தான். ஒரு இணையதளம் நம்பகமானதா என்று பார்க்க அதையே உற்று உற்றுப் பார்ப்பது பெரும்பாலும் வீண் வேலை. ஆனால் நம் ஆசிரியர்களுக்குக் கிடைக்கிற பயிற்சி பெரும்பாலும் உற்றுப் பார்க்கத்தான் சொல்லிக்கொடுக்கிறது. எழுதியவர் பெயர் இருக்கிறதா, தேதி இருக்கிறதா, எழுத்துப்பிழை இருக்கிறதா, விளம்பரம் அதிகமா, முகவரி எப்படி முடிகிறது என்று ஒரு பட்டியல். கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சிக்கோ வளாக நூலகர்கள் 2004 வாக்கில் உருவாக்கிய ஒரு பட்டியலின் பேரன் பேத்திகள்தான் இவை பெரும்பாலும். அந்தக் காலத்துக்கு அது சரி. இன்றைக்கு ஒரு பத்தாம் வகுப்பு மாணவன் ஒரு மதியத்தில் அழகான இணையதளம் போட்டுவிடுவான், எழுத்துப்பிழையை மென்பொருளே திருத்திவிடும், டாட் ஓஆர்ஜி முகவரியைக் காசு கொடுத்தால் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். 'எங்களைப் பற்றி' பகுதியைப் படித்து ஒரு தளத்தை எடைபோடுவது, மாப்பிள்ளை எப்படி என்று மாப்பிள்ளை வீட்டாரிடமே கேட்பது மாதிரி. விவரம் தெரிந்தவர்கள் அடுத்த தெருவில்தான் விசாரிப்பார்கள்.

இதை ஆய்வாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 45 பேரை உட்கார வைத்து, இணையப் பக்கங்களைக் கொடுத்து, எது நம்பகமானது என்று கேட்டார்கள்; 2017இல் வெளியிட்டார்கள். அதில் 10 பேர் முனைவர் பட்டம் பெற்ற வரலாற்று ஆய்வாளர்கள், 25 பேர் அந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள், மீதி 10 பேர் செய்திகளின் உண்மையைச் சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள். ஒரு கேள்வியில், குழந்தைகள் நல மருத்துவர்களின் இரண்டு அமைப்புகளை ஒப்பிடச் சொன்னார்கள். ஒன்று 1930இல் தொடங்கிய பெரிய தொழில்முறை அமைப்பு, மற்றது 2002இல் கொள்கை வேறுபாட்டால் பிரிந்துபோன சிறிய குழு. இரண்டின் பெயரும் கேட்பதற்கு ஒரே மாதிரி, பக்கங்களும் பார்ப்பதற்குக் கண்ணியமாக இருக்கும். மாணவர்களும், வரலாற்று ஆய்வாளர்களில் பலரும், பக்கத்தை மேலிருந்து கீழாகக் கவனமாகப் படித்தார்கள், சின்னத்தைப் பார்த்தார்கள், அடிக்குறிப்பைப் பார்த்தார்கள், தடுமாறினார்கள். சரிபார்ப்பவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பக்கம் திறந்த கொஞ்ச நேரத்திலேயே அதை அப்படியே விட்டுவிட்டு, புதிய தாவல்களைத் திறந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். குறைவாகப் படித்தார்கள், சீக்கிரம் முடித்தார்கள், சரியாகச் சொன்னார்கள். இதற்குப் பக்கவாட்டு வாசிப்பு என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

சரி, அப்படித் தேட வேண்டுமென்றால் தேடுபொறி எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சமாவது தெரிய வேண்டும். நீங்கள் தேடும்போது கூகுள் இணையத்தைத் தேடுவதில்லை. ஏற்கெனவே அதன் நிரல்கள் இணைப்பு இணைப்பாகத் தாவிப் பக்கங்களைச் சேகரித்து, சொற்களை அட்டவணை போட்டு வைத்திருக்கின்றன. அந்த அட்டவணையைத்தான் நமக்குப் புரட்டிக் காட்டுகிறது. 1998இல் லாரி பேஜும் செர்கே பிரின்னும் கொண்டுவந்த அடிப்படை யோசனை, எந்தப் பக்கத்துக்கு நிறைய நல்ல பக்கங்கள் இணைப்புக் கொடுக்கின்றனவோ அது முக்கியமானது என்பது. இன்று அதோடு நீங்கள் இருக்கும் ஊர், மொழி, முன்பு தேடியவை என்று எத்தனையோ சேர்ந்துவிட்டன. இவை எல்லாம் ஒரு பக்கம் உங்களுக்குத் தேவைப்படுமா என்பதற்கான ஊகங்கள். உயரம் 2,637ஆ 2,623ஆ என்று கூகுள் மலை ஏறி அளந்து பார்ப்பதில்லை. முதலில் வருவது உண்மை என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். முதல் இரண்டு மூன்று இடங்கள் காசு கொடுத்த விளம்பரமாக இருக்கலாம் என்பதும், அதன் தலையில் சின்ன எழுத்தில் ஸ்பான்சர்டு என்று இருக்கும் என்பதும் ஆசிரியர்கள் பலருக்கே கண்ணில் படுவதில்லை.

நம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். 'நீலகிரி' என்று மட்டும் போட்டால் மாவட்டம் வரும், சென்னை போகும் ரயில் வரும், பல்பொருள் அங்காடி வரும், கடற்படைக் கப்பல் வரும், தலைவலித் தைலமும் வரும். 'ஊட்டி' என்று போட்டால் பாடம் எதுவும் வராது, ஹோட்டலும் டாக்சியும்தான். ஆகவே தேடலில் இரண்டாவது மூன்றாவது சொல்தான் வேலை செய்கிறது: 'நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் 1986' என்று போட்டால் விஷயம் நேராகக் கிடைக்கும். வேண்டாததைக் கழிக்க அந்தச் சொல்லுக்கு முன்னால் இடைவெளி விடாமல் ஒரு கழித்தல் குறி. அரசுத் தளங்களில் மட்டும் தேட, ஆங்கிலத்தில் சைட் என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, ஒட்டி கவ் டாட் இன் என்று சேர்க்க வேண்டும். இந்த முகவரியும், கல்வி நிறுவனங்களின் ஏசி டாட் இன் முகவரியும் எல்லோருக்கும் விற்கப்படுவதில்லை, அதனால் கொஞ்சம் கூடுதல் மதிப்பு. கொஞ்சம்தான். அரசுப் பக்கமும் பழையதாக இருக்கலாம், சுற்றுலாத் துறைக்காரர் யாரோ எழுதியதை எடுத்துப் போட்டிருக்கலாம்.

கேள்வி கேட்கும் விதமும் பதிலை மாற்றிவிடும். 'கற்பூர மரம் நிலத்தடி நீரை உறிஞ்சுவது ஏன்' என்று கேட்டால், உறிஞ்சுகிறது என்று ஏற்கெனவே முடிவு கட்டிய பக்கங்களாக வரிசை கட்டும். 'கற்பூர மரம் நீர் ஆய்வு' என்று போட்டால் கலவையாக வரும். சமவெளிக்காரர்கள் தைல மரம், யூகலிப்டஸ் என்று எழுதுவார்கள், அந்தச் சொற்களையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

தமிழில் தேடுவதற்கென்று தனித் தொல்லைகள் உண்டு, அதை ஆங்கிலக் கையேடுகள் சொல்லித் தராது. உதகை, உதகமண்டலம், ஊட்டி எல்லாம் ஒரே ஊர் என்று நமக்குத் தெரியும்; கோத்தகிரி, கொத்தகிரி இரண்டு மாதிரியும் எழுதுகிறார்கள்; வேற்றுமை உருபு ஒட்டிக்கொண்டால் சொல்லே உருமாறிவிடுகிறது. ஒரு வடிவத்தில் தேடி ஒன்றும் வரவில்லை என்றால் இன்னொரு வடிவத்தில் தேடியே ஆக வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் பழைய எழுத்துருக்கள். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010இல்தான் தரமாக அறிவித்தது. அதற்கு முன்னால், ஏன் அதற்குப் பின்னாலும் பல காலம், ஆளாளுக்கு ஓர் எழுத்துருவில் தட்டச்சு செய்த பிடிஎஃப்கள் குவிந்து கிடக்கின்றன. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், நகலெடுத்து ஒட்டினால் கிறுக்கலாக வரும். தேடுபொறிக்கும் அது கிறுக்கல்தான். ஸ்கேன் செய்த பழைய புத்தகங்கள் பலவற்றின் கதியும் இதுதான். அதனால் தமிழில் தேடிக் கிடைக்கவில்லை என்பதற்கும் தமிழில் இல்லை என்பதற்கும் நிறைய தூரம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்துக்குள்ளே நேரடியாகப் போய்த் தேடுவது இதனால்தான் அவசியம்; கூகுள் வழியாகப் போனால் அங்கே இருப்பதில் பாதி கண்ணில் படாது.

இப்போது மலை ரயிலுக்கு வருவோம். வகுப்பில் கேட்பதற்கு இதைவிட நல்ல கேள்வி இல்லை: நீலகிரி மலை ரயில் எந்த ஆண்டு வந்தது? ஒரு பக்கம் 1899 என்கிறது, இன்னொன்று 1908 என்கிறது, மூன்றாவது 1891 என்கிறது, எங்கேயோ 1854 கூட வரும். பிள்ளைகள் உடனே மூன்று பொய், ஒன்று மெய் என்று முடிவு கட்டுவார்கள். விஷயம் அப்படி இல்லை. 1854இல் யோசனை எழுந்தது, 1891இல் வேலை தொடங்கியது, 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை ஓடியது, 1908இல் ஊட்டி வரை வந்து முடிந்தது. நாலும் சரி, நாலு கேள்விக்கு நாலு பதில். யுனெஸ்கோவின் பக்கத்தைத் திறந்தால் 46 கிலோமீட்டர், கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டரில் தொடங்கி 2,203 மீட்டர் வரை ஏறுகிறது என்று விவரமாக இருக்கிறது. 2005இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது தனியாக அல்ல, 1999இலேயே இடம்பிடித்த டார்ஜிலிங் ரயிலின் நீட்சியாக என்பதும் அங்கேதான் தெளிவாகிறது. நம் சுற்றுலாப் பக்கங்கள் இந்த டார்ஜிலிங் விஷயத்தைச் சொல்வதே இல்லை. ஊர்ப்பற்று!

ரயிலை வைத்தே இன்னொரு வித்தையும் காட்டலாம். ஏதாவது ஒரு சுற்றுலாப் பக்கத்திலிருந்து ரயிலைப் பற்றிய ஒரு முழு வாக்கியத்தை நகலெடுத்து, இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடச் சொல்லுங்கள். மேற்கோளுக்குள் போட்டால் அதே சொற்கள் அதே வரிசையில் இருக்கும் பக்கங்களைத்தான் காட்டும். 208 வளைவு, 16 சுரங்கம், 250 பாலம் என்று அதே வாக்கியம் அச்சு மாறாமல் பக்கம் பக்கமாக வரும், சில இடங்களில் காற்புள்ளி விட்டுப்போனதுகூட அப்படியே வந்திருக்கும். இருபது பக்கங்கள் சொல்கின்றன என்று நினைத்தது ஒரே ஆள் சொன்னது. விக்கிப்பீடியாவிலிருந்து பத்திரிகைக்குப் போய், அந்தப் பத்திரிகையையே சான்றாகக் காட்டி விக்கிப்பீடியாவுக்குத் திரும்பி வந்த தகவல்களும் உண்டு. அதற்காக விக்கிப்பீடியாவை வகுப்பில் தடை செய்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. அதன் கட்டுரையைவிடக் கட்டுரையின் அடியில் இருக்கும் மேற்கோள் பட்டியலும், மேலே இருக்கும் உரையாடல், வரலாறு என்ற இரண்டு தாவல்களும்தான் பொக்கிஷம். எந்த வரியைப் பற்றி யார் சண்டை போட்டார்கள் என்று பாடப்புத்தகம் காட்டுவதில்லை, விக்கிப்பீடியா காட்டுகிறது.

நீலகிரியின் பழங்குடிகளான தோடர்கள் விஷயத்தில் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டும், ஏனென்றால் இங்கே இணையத்தின் தப்பு ஒரு பிள்ளையின் மேல் வந்து விழும். ரிவர்ஸ் என்ற ஆங்கிலேயர் 1906இல் தோடர்களைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். அதற்கும் முன் 1880இல் கிரிக் எழுதிய மாவட்டக் கையேடு, பின்னால் 1908இல் பிரான்சிஸ் எழுதிய கெசட்டியர் என்ற மாவட்ட விவர நூல். மூன்றுக்கும் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இலவசமாகக் கிடைப்பதுதான் அதிகம் நகலெடுக்கப்படும். விளைவு, நூறு ஆண்டுக்கு முந்தைய திருமண வழக்கங்களைச் சுற்றுலாப் பக்கங்கள் 'தோடர்கள் இப்படிச் செய்கிறார்கள்' என்று நிகழ்காலத்தில் எழுதி வைத்திருக்கின்றன. சுமேரியாவிலிருந்து வந்தவர்கள் என்று கதை கட்டுகிறவர்களும் உண்டு. எண்ணிக்கை ஆயிரத்துக்கும் குறைவு என்று பல பக்கங்களில் இருக்கும்; 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 2,002 பேர். அவர்களின் பூவேலைப்பாட்டுக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்பது அதே பக்கங்களில் பெரும்பாலும் இருக்காது, ஏனென்றால் அது கெசட்டியரில் இல்லை. இந்த மாதிரிப் பக்கத்தைத் திரையில் போட்டுக் காட்டும்போது வகுப்பில் ஒரு தோடர் வீட்டுப் பிள்ளையோ கோத்தர் வீட்டுப் பிள்ளையோ உட்கார்ந்திருக்கலாம். அந்தப் பிள்ளையைப் பார்த்து "உங்க வீட்ல இப்படித்தானாம்மா?" என்று கேட்டுவிடாதீர்கள். பக்கத்தைப் பற்றிய கேள்வியாக மாற்றுங்கள்: இந்த வாக்கியம் எந்த ஆண்டின் நூலிலிருந்து வந்தது, எழுதியவர் யார், யாரிடம் கேட்டு எழுதினார், ஏன் இன்றைக்கும் 'செய்கிறார்கள்' என்று இருக்கிறது.

நீலக்குறிஞ்சிக்கு இத்தனை பாடு இல்லை. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, 2006, 2018 என்று எல்லாப் பக்கமும் சொல்லும்; ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளிலும் 'குறிஞ்சி பூத்தது' என்று படத்தோடு செய்தி வரும். இரண்டுமே சரியாக இருக்கலாம். குறிஞ்சியில் பல இனங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சுற்று, ஒரே இனமே எல்லா மலையிலும் ஒரே ஆண்டில் பூப்பதில்லை. படம் மட்டும் சந்தேகம் என்றால் படத்தை வைத்தே தேடுங்கள். கூகுள் லென்ஸில் போட்டால் அது மூணாற்றில் 2018இல் எடுத்ததா, கொடைக்கானலா, இல்லை எங்கோ வெளிநாட்டு லாவெண்டர் தோட்டமா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

2024 முதல் கூகுளின் உச்சியில் செயற்கை நுண்ணறிவு எழுதிய சுருக்கம் வேறு வந்து உட்கார்ந்துகொள்கிறது. பலர் அதைப் படித்துவிட்டுக் கீழே இறங்குவதே இல்லை. அது இதே பக்கங்களிலிருந்துதான் தொகுக்கிறது, ஆனால் தடுமாற்றமே இல்லாத நடையில் எழுதுவதால் 2,637க்கும் 2,623க்கும் இடையில் ஒரு தகராறு இருந்ததே தெரியாமல் போய்விடும். அதன் ஓரத்தில் இருக்கும் இணைப்புகளைத் திறந்து, சொன்ன வரி அங்கே உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வதைத் தவிர இதற்கு வேறு மருந்து இல்லை.

வகுப்பில் இதையெல்லாம் செய்யக் கணினி வேண்டுமே என்று கேட்பீர்கள். ஹைடெக் லேப் இருக்கிற பள்ளி என்றாலும் மலையில் நெட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது, எஸ்டேட் பக்கத்துப் பள்ளிகளில் ஆசிரியரின் கைப்பேசிதான் எல்லாமே. அதனால் நான் பரிந்துரைப்பது காகிதம். முந்தைய நாள் இரவே சிக்னல் கிடைக்கிற இடத்தில் தேடி, தேடல் முடிவுப் பக்கத்தை மட்டும் படம்பிடித்து அச்செடுத்துவிடுங்கள். நாலு பிள்ளைக்கு ஒரு தாள். உள்ளே ஒன்றையும் திறக்காமல், எதை முதலில் திறப்பாய், எதைத் திறக்கவே மாட்டாய், ஏன் என்று கேளுங்கள். எது விளம்பரம் என்று வட்டம் போடச் சொல்லுங்கள். ஒரு பீரியடில் முடிந்துவிடும், முதல் முடிவைத் தொடாமல் மூன்றாவதைத் தேர்ந்தெடுக்கிற பிள்ளை தன் காரணத்தைச் சொல்லும்போது மற்றவர்கள் தாளைத் திரும்பப் பார்ப்பார்கள். கரும்பலகையில் இணையத்திலிருந்து எடுத்த எந்த எண்ணை எழுதினாலும் பக்கத்திலேயே எங்கிருந்து, எந்தத் தேதியில் பார்த்தது என்று எழுதுங்கள்; ஒரு மாதத்தில் பிள்ளைகளே கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்.

பிள்ளைகளுக்கு இதில் உண்மையான அக்கறை வர வேண்டுமென்றால் மழை விடுமுறை அறிவிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தென்மேற்குப் பருவமழையில் வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றும்: 'நீலகிரியில் நாளை பள்ளிகளுக்கு விடுமுறை, கலெக்டர் உத்தரவு'. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்தச் சமயத்து வெள்ளப் படங்களையும் சேர்த்து அனுப்புவார்கள், நம்பாமல் இருக்க முடியாது. முதலில் பார்க்க வேண்டியது தேதி. 'நாளை' என்று மட்டும் இருந்தால் அது எந்த ஆண்டு நாளையோ. இரண்டாவது தாலுகா. இங்கே விடுமுறை பல தடவை மாவட்டம் முழுக்க விடுவதில்லை, ஊட்டி, குந்தா, கூடலூர், பந்தலூர் மட்டும் என்று வரும், குன்னூரும் கோத்தகிரியும் பள்ளிக்குப் போக வேண்டும். மூன்றாவது, அந்தப் படத்தை அங்கேயே விட்டுவிட்டு மாவட்ட ஆட்சியரின் அதிகாரபூர்வப் பக்கத்தில் அதே அறிவிப்பு இருக்கிறதா என்று பார்ப்பது. இந்தப் பாடத்தை ஜூன் மாதத்திலேயே நடத்திவிடுங்கள். ஜூலைக்குப் பிறகு கரண்டும் இருக்காது, சிக்னலும் இருக்காது, சில நாள் பிள்ளைகளும் இருக்க மாட்டார்கள்.